சாவியை எடுத்தும் நிற்காத டீசல் இன்ஜின்: அந்த நேரத்தில் என்ன செய்வது

திருவொற்றியூரில் இரண்டு டிரெய்லர் வைத்து ஓட்டும் ஒரு தம்பி கேட்ட கேள்விக்கான பதில் இது. அவர் வண்டிகளில் ஒன்றுக்கு மஞ்சம்பாக்கம் பக்கம் ஒரு பட்டறையில் டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அமுக்கி ஊதும் சக்கரம்) மாற்றியிருக்கிறார்கள். ஸ்டார்ட் செய்து இரண்டு தடவை ஆக்சிலேட்டர் கொடுத்ததும் இன்ஜின் தானாக ரேஸ் எடுத்திருக்கிறது. சாவியை எடுத்தும் நிற்கவில்லை. தெரு முழுக்க வெள்ளைப் புகை. பட்டறைப் பையன் ஒருவன் காற்றுக் குழாயின் வாயில் சாக்கைத் திணிக்கப் போக, சாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது, கை தப்பியது. கடைசியில் பிஸ்டனின் இணைப்புத் தண்டான கன்ராடு, இன்ஜின் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்து விழுந்த பிறகுதான் இன்ஜின் நின்றது. அவர் கேட்பது மூன்று: புது டர்போ போட்டும் ஏன் இப்படி ஆனது? அந்த நேரத்தில் என்ன செய்திருக்க வேண்டும்? இன்னொரு வண்டியும் காலையில் நீலப் புகை விடுகிறது, அதை ஓட்டலாமா?

தம்பி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் பையன் கை தப்பியது பெரிய விஷயம். இன்ஜின் போனதைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நான் டீசல் பம்ப், டீசலைப் பீய்ச்சும் நாசில் வேலை செய்கிறவன். லாரி இன்ஜினும் பார்ப்பேன், காசிமேட்டில் மீன்பிடி லாஞ்ச் இன்ஜினும் பார்ப்பேன். எண்ணூரில் அசோக் லேலண்ட் லாரி செய்யத் தொடங்கிய காலத்திலிருந்து நம்ம வடசென்னைக்கு டீசல் இன்ஜின் பழக்கம்தான். தண்டையார்பேட்டையில் ரயில்வேயின் டீசல் லோகோ ஷெட், மாதவரத்தில் லாரி நிறுத்தம், காசிமேட்டில் படகுகள் என்று எங்கே திரும்பினாலும் டீசல் சத்தம். அப்படி இருந்தும் இன்ஜின் தானாக ரேஸ் எடுத்தால் என்ன செய்ய வேண்டும் என்று நம்ம பட்டறைகளில் யாரும் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. பார்த்தவர்கள் பயந்து ஓடுகிறார்கள், இல்லையென்றால் பயமே இல்லாமல் கையை விடுகிறார்கள்.

சாவியை எடுத்தும் ஏன் நிற்கவில்லை என்பது புரிந்தால் மற்றது தானாகப் புரியும். பெட்ரோல் இன்ஜினுக்குப் பிளக்கில் பொறி வேண்டும். சாவியை எடுத்தால் பொறி போய்விடும், இன்ஜின் நின்றுவிடும். டீசலுக்குப் பொறி கிடையாது. காற்றை அமுக்கும்போதே அது 500 டிகிரிக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் எரியக்கூடியது எது உள்ளே வந்தாலும் பற்றிக்கொள்ளும். காற்று வரும் வழியை அளந்து விடுகிற கட்டுப்பாடும் பெரும்பாலான டீசல் இன்ஜின்களில் இல்லை. காற்று எப்போதும் தாராளம். வேகத்தைக் கட்டுப்படுத்துவது பம்ப் அனுப்பும் டீசலின் அளவு மட்டும்தான். சாவி, ஸ்டாப் வயர், சோலினாய்டு எல்லாமே அந்த டீசலைத்தான் நிறுத்தும்.

ஆகவே வேறொரு எரிபொருள் காற்று வழியாக உள்ளே வந்துவிட்டால் சாவிக்கு வேலையே இல்லை. அந்த எரிபொருள் பெரும்பாலும் இன்ஜினின் சொந்த ஆயில்தான். டர்போ சீல் வழியாகவோ, தேய்ந்த பிஸ்டன் ரிங் வழியாக வரும் புகையோடு பிரீதர் என்ற மூச்சுக்குழாய் வழியாகவோ, அளவுக்கு மேல் நிரப்பிய ஆயில் சம்ப்பிலிருந்தோ (அடியில் உள்ள ஆயில் தொட்டி) அது வரும். பழைய வண்டிகளில் ஆயில் ஊற்றும் ஏர் கிளீனர் உண்டு. அதில் கோட்டுக்கு மேல் ஊற்றிவிட்டாலும் இதே கதைதான். ஆயில் உள்ளே வந்தால் வேகம் கூடும். வேகம் கூடினால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி இன்னும் ஆயிலை இழுக்கும். ஆயில் தீரும்வரை, அல்லது ஏதாவது உடையும்வரை நிற்காது.

இன்னொரு வகை டீசல் பக்கத்துக் கோளாறு. பம்ப்பில் டீசல் அளவை மாற்றும் ராக் என்ற கம்பி சிக்கிக்கொள்வது, வேகத்தை அடக்கும் கவர்னர் போவது, பம்ப்பைப் பிரித்துச் சேர்க்கும்போது தவறாகச் சேர்ப்பது. இது பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் வரும். இதற்கும் அதற்கும் பெரும்பாலும் புகையிலேயே வித்தியாசம் தெரியும். டீசல் கூடினால் கரும்புகை, ஆயில் எரிந்தால் அடர்த்தியான வெள்ளை, நீலப் புகை. டீசல் பக்கத்துக் கோளாறு என்றால் டேங்க் குழாயை அடைத்தாலோ, பம்ப்பின் ஸ்டாப் லிவரைக் கையால் இழுத்தாலோ நின்றுவிட வாய்ப்பு உண்டு. அதற்காக ஓடும் இன்ஜினில் நாசில் பைப்பை லூஸ் செய்யப் போகாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே எடுக்க வேண்டி வரும்.

உங்கள் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். புது டர்போ போட்ட உடனே ரேஸ் எடுத்தது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது டர்போவை அல்ல, டர்போ ஊதும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரை. பழைய டர்போ சீல் போய் எவ்வளவு நாள் ஓடியதோ, அவ்வளவு நாளும் கசிந்த ஆயில் இன்டர்கூலரின் அடியிலும் அதன் ஹோஸ் வளைவுகளிலும் தேங்கி நிற்கும். டர்போவை மட்டும் மாற்றிவிட்டு இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்துக் கழுவாமல் விட்டால், புது டர்போ நல்ல அழுத்தத்தோடு ஊதும்போது அந்த ஆயிலை எல்லாம் ஒரே மூச்சில் இன்ஜினுக்குள் தள்ளிவிடும். ஸ்டார்ட் ஆகும்போது ஒன்றும் தெரியாது, ஐடிலில் அமைதியாக ஓடும். ஆக்சிலேட்டர் கொடுத்ததும்தான் வரும். நீங்கள் சொன்ன "இரண்டு தடவை கொடுத்ததும்" என்பது இதோடு பொருந்துகிறது.

இரண்டாவது சந்தேகம் டர்போவின் ஆயில் ரிட்டர்ன் பைப். டர்போவுக்கு ஆயில் அழுத்தத்தோடு போகிறது; திரும்பி வருவது வெறும் இறக்கத்தில்தான். ரிட்டர்ன் பைப்பில் கசடு அடைத்திருந்தாலோ, கேஸ்கெட்டில் பேஸ்ட்டை அள்ளிப் பூசி அது உள்பக்கம் பிதுங்கி வழியை மறைத்திருந்தாலோ, ஆயிலுக்கு இறங்க வழி இல்லை. சீல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதைத் தாண்டி வந்துவிடும். பிரீதர் அடைத்திருந்தாலும் அப்படித்தான். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால் டர்போவின் வாயில் உறிஞ்சல் கூடி ஆயிலை இழுக்கும். "புது டர்போவும் லீக், கம்பெனி சரக்கு சரியில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, ரிட்டர்ன் பைப்பைக் கழற்றி உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்த்தீர்களா என்றுதான்.

நம்ம ஊருக்கென்று ஒரு காரணமும் இருக்கிறது. துறைமுகம் போகும் கன்டெய்னர் வண்டிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்று நகர்வதை நீங்களே தினமும் அனுபவிக்கிறீர்கள். மணிக்கணக்கில் ஐடிலில் ஓடும் இன்ஜினில் டர்போவுக்குள் காற்றழுத்தம் குறைவு. சீல் ஆயிலைத் தடுத்து நிறுத்த அந்த அழுத்தமும் ஒரு துணை. அது இல்லாமல் ஆயில் மெல்ல மெல்லக் கசிந்து குழாயில் சேரும். வரிசை கலைந்து ஆக்சிலேட்டரை அழுத்தும்போது சேர்ந்தது எல்லாம் உள்ளே போகும். நல்ல இன்ஜினில் கொஞ்சம் நீலப் புகையோடு முடிந்துவிடும். ஏற்கெனவே தேய்ந்த டர்போ என்றால் அங்கேயே ஆபத்து தொடங்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்னொன்றையும் பாருங்கள். புகைபோக்கியில் இருக்கும் கரி ஃபில்டரைச் சுத்தம் செய்ய, பல இன்ஜின்கள் கூடுதலாக டீசலைப் பாய்ச்சிச் சூடேற்றும். நின்று நின்று ஓடும் வண்டியில் அந்தச் சுத்தம் பாதியில் நின்றுபோகும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரான லைனர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். ஆயில் அளவு குறைவதற்குப் பதில் ஏறும். கேஜில் ஆயில் கோட்டுக்கு மேல் நிற்பதைப் பார்த்து "பரவாயில்லை, ஆயில் குடிக்கவில்லை" என்று சந்தோஷப்படாதீர்கள். இரண்டு விரலில் தொட்டுத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் வாசனை வந்து, தண்ணீராக இழுபட்டால் அன்றே மாற்ற வேண்டும்.

இனி அந்த நேரம். இன்ஜின் ரேஸ் எடுக்கத் தொடங்கி, ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தும் வேகம் இறங்கவில்லை. உங்களிடம் இருப்பது சில நொடிகள்.

சாவியை அணையுங்கள், ஸ்டாப் வயர் இருந்தால் இழுங்கள். டீசல் பக்கத்துக் கோளாறாக இருந்தால் அதோடு முடிந்தது. இல்லையென்றால், வேகம் இப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தால், டிரைவர் ஏற்கெனவே சீட்டில் இருந்தால், முன்னால் யாரும் இல்லையென்றால், ஒரு வழி இருக்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டு, கால் பிரேக்கை முழுதாக மிதித்து, பெரிய கியரில் போட்டு, கிளட்ச்சைச் சட்டென்று விட வேண்டும். இன்ஜின் திணறி அணைந்துவிடும். மெதுவாக விட்டால் கிளட்ச் பிளேட் எரியுமே தவிர இன்ஜின் நிற்காது. இதை நான் சொல்வது தொடக்க நொடிகளுக்கு மட்டும். இன்ஜின் ஏற்கெனவே அலறிக்கொண்டிருந்தால் கிளட்ச் பக்கமே போகாதீர்கள். கிளட்ச் பிளேட்டோ, இன்ஜினோடு சுற்றும் கனமான ஃப்ளைவீலோ சிதறினால் அதை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கைக் கிழித்துக்கொண்டு வரும். பல நாள் பட்டறையில் நின்ற வண்டியில் காற்று டேங்க் காலியாக இருக்கும், கால் பிரேக் பிடிக்காது என்பதையும் மறக்கக் கூடாது.

சாலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால் எல்லோருக்கும் முதலில் கால் போவது கிளட்ச்சுக்கு. கிளட்ச்சை மிதித்தால் இன்ஜின் மேல் இருந்த சுமை போய்விடும், அந்த நொடியில் வேகம் எகிறும். இடம் இருந்தால் கிளட்ச்சை விட்டுவிட்டு, இருக்கிற பெரிய கியரிலேயே வைத்து, பிரேக்கை அழுத்தமாக ஒரே மிதியாக மிதித்து, இன்ஜினோடு சேர்த்து வண்டியை நிறுத்துங்கள். விட்டு விட்டு மிதித்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். முன்னால் பள்ளிக்கூடமோ சிக்னலோ இருந்து, நிறுத்த முடியவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். கிளட்ச்சை மிதியுங்கள், வண்டியை ஓரம் கட்டி நிறுத்துங்கள், இறங்கி விலகுங்கள். இன்ஜின் போகட்டும்.

இதற்கெல்லாம் அடங்காத இன்ஜினுக்கு ஒரே மருந்து காற்றை அடைப்பது. எரிபொருள் எங்கிருந்து வந்தாலும் காற்று இல்லாமல் எரியாது. ஆனால் எதனால் அடைப்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. கையால் கூடாது, துணி கூடாது, சாக்கு கூடாது. ஒரு கணக்குச் சொல்கிறேன். காற்றுக் குழாயின் வாய் 10 சென்டிமீட்டர் என்றால் அதன் பரப்பு ஏறத்தாழ 78 சதுர சென்டிமீட்டர். வெளிக்காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு கிலோ எடையோடு அழுத்துகிறது. உள்ளே பாதி வெற்றிடம் வந்தால்கூட 40 கிலோ எடை உங்கள் உள்ளங்கையை உள்ளே தள்ளும். குழாய்க்கு அந்தப் பக்கம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும் டர்போ சக்கரம். சாக்கை அது எப்படி இழுத்தது என்று நீங்கள் பார்த்தீர்கள்.

அடைக்க வேண்டியது தட்டையான, கெட்டியான, வாயைவிடப் பெரிய ஒன்று. அரை இஞ்ச் பிளைவுட் பலகை, இரும்புத் தகடு, பின்பக்கம் பிடிக்க ஒரு கைப்பிடி. வாயின் மேல் அதைப் பக்கவாட்டிலிருந்து தள்ளினால் அதுவே ஒட்டிக்கொள்ளும். அதைக்கூட டர்போவின் வாயில் நேராக வைக்கப் போகக் கூடாது. ஹோஸின் மறுமுனையில், டர்போவிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். ரப்பர் ஹோஸ் உள்வாங்கிச் சுருங்கினால் நல்லதுதான், அதுவும் காற்றை அடைக்கும். ஹோஸில் வெடிப்பு இருந்தால் அது வழியாகக் காற்று போய்க்கொண்டே இருக்கும்.

இன்னொரு வழி கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான், அகலமான கறுப்பு ஹார்ன் வைத்திருப்பது. காற்று போகும் வாயில் அதை அடித்தால் பிராணவாயு குறைந்து இன்ஜின் மூச்சுத் திணறி நிற்கும். லாரிகளில் பொதுவாக இருக்கும் பவுடர் தீயணைப்பான் வேறு, அதை இதற்கு நம்ப வேண்டாம். அளவும் முக்கியம். 6 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்றில் ஓடினால், டர்போ அமுக்கித் தருவதைக் கணக்கில் எடுக்காமலே நொடிக்கு 150 லிட்டர் காற்றை இழுக்கிறது. 4.5 கிலோ பாட்டிலில் இருக்கும் வாயு விரிந்தால் சுமார் 2,400 லிட்டர் வரும். அதாவது பதினாறு நொடி இழுப்புக்குச் சமம். காருக்கு வைத்திருக்கும் ஒன்று, இரண்டு கிலோ பாட்டில் லாரி இன்ஜினுக்குப் பத்தாது. 4.5 கிலோ பாட்டிலைத் திறந்தால் இன்ஜின் முழுதாக நிற்கும்வரை விடாமல் அடிக்க வேண்டும். வேகம் இறங்குகிறதே என்று பாதியில் நிறுத்தினால் மறுபடி எழுந்துவிடும். ஹார்னைக் கையால் பிடிக்காதீர்கள், குளிர்ச்சியில் தோல் ஒட்டிக்கொள்ளும்.

தண்ணீரை ஊற்றுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் போன தண்ணீர் மேல் பிஸ்டன் மோதினால் கன்ராடு வளையும், உடையும், வெளியே வரும். எதைத் தடுக்கப் பார்க்கிறோமோ அதையே சீக்கிரம் வரவழைப்பது அது.

நிற்கும் இடமும் முக்கியம். வேகம் இரண்டு மடங்கானால் சுழலும் பாகங்களின் மேல் வரும் விசை நான்கு மடங்கு. கன்ராடு வெளியே வந்தால் பிளாக்கின் பக்கவாட்டில் வரும். ஃப்ளைவீல் சிதறினால் அது சுற்றும் தளத்தில், அதாவது இன்ஜினின் இரண்டு பக்கமும், மேலும் கீழும் பாயும். அதனால் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது, குனிந்து எட்டிப் பார்க்கக் கூடாது. பலகையோ தீயணைப்பானோ கையில் தயாராக இல்லை என்றால் அதைத் தேடி ஓடி எடுத்துத் திரும்பி வரும் வேலையும் வேண்டாம். அதற்குள் இன்ஜின் அதன் உச்சத்தில் இருக்கும். எல்லோரையும் இழுத்துக்கொண்டு தூரம் போய், சுவர் மறைவில் நில்லுங்கள்.

இதை முதலாளிகளுக்காக அழுத்திச் சொல்கிறேன். இன்ஜின் அலறும்போது "நிறுத்துடா, நிறுத்துடா" என்று நீங்கள் கத்தினால், அந்தக் குரலுக்குப் பயந்துதான் பதினெட்டு வயதுப் பையன் கையில் கிடைத்ததோடு இன்ஜின் பக்கம் ஓடுகிறான். உங்கள் வாயிலிருந்து முதலில் வர வேண்டிய வார்த்தை "விலகு". இன்ஜினுக்கு வேறு பிளாக் கிடைக்கும்.

காசிமேட்டு லாஞ்ச்களில் நிலைமை இன்னும் கடினம். இன்ஜின் கீழ்த்தளத்தில், ஒரே ஏணி, ஒரே வாசல். இன்ஜின் அந்த அறையின் காற்றையே குடிக்கும். அங்கே கார்பன் டை ஆக்சைடு அடித்தால் இன்ஜினோடு மனிதனுக்கும் மூச்சு நின்றுவிடும். ஆள் உள்ளே இருக்கும்போது அடிக்கவே கூடாது. நான் படகுக்காரர்களிடம் சொல்வது: ஸ்டாப் லிவரை இழு, அது கேட்கவில்லை என்றால் மேலே வா, ஆட்களை எண்ணு, எல்லோரும் மேலே வந்தாச்சு என்றால் மூடியையும் காற்று வழிகளையும் அடை. மேலே சொன்ன கணக்குப்படி 6 லிட்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 9 கன மீட்டர் காற்றை இழுக்கும். சின்ன அறையில் காற்று கெட அதிக நேரம் ஆகாது. நடுக்கடலில் என்றால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டு வராதீர்கள், தண்ணீரைத் தள்ளும் சுமை இருக்கும்வரை வேகம் கொஞ்சமாவது கட்டுப்படும். படகுகள் ஒட்டி ஒட்டிக் கட்டியிருக்கும் துறைக்குள் அது நடக்காது, அங்கே நியூட்ரல்தான். நின்ற பிறகும் அறைக்குள் தனியாக யாரும் இறங்கக் கூடாது, நன்றாகக் காற்றோட்டம் விட்ட பிறகே இறங்க வேண்டும். சமையல் கேஸ் சிலிண்டரை இன்ஜின் அறைக்கு மேலே வைக்காதீர்கள். அந்த கேஸ் காற்றைவிடக் கனம். கசிந்தால் கீழேதான் இறங்கும், இன்ஜின் அதையும் இழுக்கும்.

கேஸ் என்று சொன்னதும் மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை பக்கம் ஓட்டும் எல்லா டிரைவருக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்க் கிடங்கு, கேஸ் டேங்கர்கள் எல்லாம் நம்மைச் சுற்றித்தான் இருக்கின்றன. 2005 மார்ச் 23 அன்று அமெரிக்காவின் டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலையில் எரியும் தன்மையுள்ள ஆவி வெளியே கொட்டியபோது, பக்கத்தில் ஐடிலில் நின்ற ஒரு டீசல் பிக்கப் வண்டி அந்த ஆவியை உறிஞ்சித் தானாக ரேஸ் எடுத்தது. அதிலிருந்துதான் தீப்பற்றியிருக்க வேண்டும் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். 15 பேர் இறந்தார்கள், 180 பேர் காயமடைந்தார்கள். 2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எரிந்த டீப்வாட்டர் ஹொரைசன் எண்ணெய் மேடையிலும் வெடிப்புக்குச் சற்று முன் டீசல் ஜெனரேட்டர்கள் வாயுவை இழுத்து ரேஸ் எடுத்தன. அங்கே இறந்தவர்கள் 11 பேர்.

ஆகவே வாயு கசியக்கூடிய இடத்தில் உங்கள் இன்ஜின் தானாக வேகம் எடுத்தால் அதை வண்டிக் கோளாறு என்று நினைக்காதீர்கள். நீங்கள் வாயுவுக்குள் நிற்கிறீர்கள் என்று இன்ஜின் சொல்கிறது. சாவியை அணைத்துவிட்டு, நின்றாலும் நிற்காவிட்டாலும் இறங்கி, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக ஒதுங்கிப் போங்கள். பள்ளத்தில், கால்வாய் ஓரத்தில் நிற்காதீர்கள். அங்கே தீயணைப்பானை அடிப்பதும் வேண்டாம், கார்பன் டை ஆக்சைடு பாயும்போது நிலைமின்சாரப் பொறி வர வாய்ப்பு உண்டு. தூரம் போன பிறகு 112க்கோ தீயணைப்பு 101க்கோ அழையுங்கள். சமையல் கேஸ் கசிவுக்கு 1906. ஆலைகளுக்குள் போகும் வண்டிக்கு ஸ்பார்க் அரெஸ்டர் மாட்டச் சொல்வார்கள், நல்லது. ஆனால் அது புகைக்குழாயிலிருந்து பொறி வெளியே வராமல் தடுக்கும், வாயு உள்ளே போவதைத் தடுக்காது. அதற்குக் காற்று வழியில் தானாக மூடிக்கொள்ளும் வால்வ் இருக்கிறது. ஓவர் ஸ்பீடு டிரிப் என்று ரயில் இன்ஜின்களில் இருப்பதுகூட டீசலைத்தான் வெட்டும். கிடங்குக்குள்ளேயே தினமும் போய்வரும் வண்டி என்றால் அந்தக் காற்று வால்வுக்குச் செலவு செய்வது நியாயம் என்பது என் கருத்து.

வீட்டுக் கட்டடங்களின் ஜெனரேட்டர் பற்றிச் சுருக்கமாக. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு அதன் இன்ஜின் பொதுவாக நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும். அதற்கு மேல் ஏறினால் உள்ளே போகாதீர்கள், அவசர ஸ்டாப் பொத்தானை வெளியிலேயே வையுங்கள். ஒற்றை சிலிண்டர் பழைய இன்ஜின்களில் டிகம்ப்ரஷன் லிவர் இருந்தால் அது நல்ல உதவி: தூக்கிவிட்டால் அமுக்கம் போய்விடும், எரியாது.

இன்ஜின் நின்றுவிட்டது என்று வையுங்கள். மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது. ஆயில் மூடியைத் திறப்பதும், பக்கத்துக் கவரைக் கழற்றுவதும் அரை மணி நேரத்துக்குக் கூடாது. உள்ளே சூடான ஆயில் மூட்டம் இருக்கும், காற்று பட்டால் வெடிக்கும். சைலன்சருக்குள் எரியாத ஆயில் கிடக்கும், அது தனியாகப் பற்றலாம். சத்தம் நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிடாமல் கன்ராடு போல்ட், வால்வ், ஃப்ளைவீல், கிளட்ச் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

டர்போ, பம்ப், ஹெட் எந்த வேலை செய்தாலும் முதல் ஸ்டார்ட்டைத் தனி வேலையாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வண்டிக்கு அடியில் ஆள் இருக்கக் கூடாது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். ஹோஸை ஏர் ஃபில்டர் பக்கம் கழற்றி வாய் எட்டும்படி வைத்து, ஒருவர் பலகையோடு அங்கே நிற்க வேண்டும், இன்னொருவர் சீட்டில். ஐந்து நிமிடம் ஐடில், அப்புறம் மெல்ல மெல்ல வேகம். எடுத்த எடுப்பில் முறுக்கிச் சத்தம் பார்க்கும் பழக்கத்தை விட வேண்டும். இவ்வளவும் செய்ய ஒரு பலகையும் கால் மணி நேரமும் போதும்.

இப்போது உங்கள் இரண்டாவது வண்டி. நாளைக்கு லோடு இருந்தாலும் எடுக்காதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு இன்டர்கூலரின் கீழ் ஹோஸைக் கழற்றுங்கள். விரலை விட்டுத் துடைத்தால் மெல்லிய ஆயில் பூச்சு வரும், அது சகஜம். ஹோஸைச் சாய்த்ததும் ஆயில் வழிந்தால் அது சகஜம் இல்லை. டர்போவின் வாய் ஹோஸைக் கழற்றிச் சக்கரத்தை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் துளி ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் ஆட்டம் கைக்குத் தெரிந்தாலோ, சக்கரம் வெளிக்கூட்டில் உரசிய தடம் பளபளப்பாகத் தெரிந்தாலோ டர்போ போயாச்சு. டர்போ சுத்தமாக இருந்து, ஆயில் மூடியைத் திறந்தால் புகை குபுகுபுவென்று வந்தால் ரிங், லைனர் வேலை. அதற்கு டர்போ மாற்றிப் பயன் இல்லை. எது என்று தெரிந்த பிறகு பட்டறைக்குப் போங்கள். இன்டர்கூலரைக் கழற்றிக் கழுவியதையும், ரிட்டர்ன் பைப்பில் வழி இருப்பதையும் நீங்களே நின்று கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள்.